மேல ஏரி, கீழ ஏரி, நடுவில் ஒரு ஐகன் வேல்யூ

பெருங்களத்தூரில் எஞ்சினியரிங் கணக்குக்கு ட்யூஷன் எடுப்பவளுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். ஏப்ரல், மே ஒன்று. நவம்பர், டிசம்பர் ஒன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்வு அட்டவணை வெளியானால் போதும், அன்று ராத்திரியே ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிடும். வண்டலூர் பக்கமிருந்து, தாம்பரம் பக்கமிருந்து, முடிச்சூர் ரோட்டிலிருந்து. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "மேம், எம் டூவுல மேட்ரிக்ஸ் யூனிட் மட்டும் சொல்லிக் குடுங்க, ஒரு 16 மார்க் கன்ஃபார்ம். எம் ஒன்ல டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் இருக்கு, அதைத் தொட வேணாம் மேம். ரெண்டையும் ஒண்ணா படிச்சா குழம்பிரும்."

இந்தக் கடைசி வரிதான் எனக்கு ஆகாது. ஏனென்றால் இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதால்தான் குழம்புகிறது. இதை இத்தனை வருஷமாக வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியும் வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி கலந்துகொண்டு உட்காருங்கள்.

பிரித்து வைக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அணிகளும் அணிக்கோவைகளும் முதல் பாடம். சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் பத்தாவது பாடம், அதுவும் இரண்டாம் தொகுதியில். முதல் பாடத்தை ஜூனில் நடத்துவார்கள். பத்தாவது பாடம் வரும்போது ரிவிஷன் டெஸ்ட் நெருங்கியிருக்கும். அதற்குள் முதல் பாடத்தில் என்ன படித்தோம் என்பது போன ஜென்மத்துக் கதை.

கல்லூரியிலாவது சேர்த்து வைப்பார்களா என்றால், ரெகுலேஷன் மாறும்போதெல்லாம் யூனிட்டுகள் வீடு மாறுகின்றன. 2013 ரெகுலேஷனில் மேட்ரிக்ஸ் முதல் செமஸ்டரில், வகைக்கெழுச் சமன்பாடு இரண்டாவதில். 2017இல் தலைகீழ்: வகைக்கெழுச் சமன்பாடு முதல் செமஸ்டரின் ஐந்தாவது யூனிட், மேட்ரிக்ஸ் இரண்டாம் செமஸ்டரின் முதல் யூனிட். அந்த ஐந்தாவது யூனிட்டுக்குள் ஒரு தலைப்பு உண்டு, "மாறிலிக் கெழுக்களைக் கொண்ட ஒருங்கமை நேரியல் வகைக்கெழுச் சமன்பாடுகள்" என்று தமிழில் சொல்லலாம். இரண்டு தெரியாத அளவுகள், இரண்டு சமன்பாடுகள், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும். ஐகன் வேல்யூ தெரிந்தவனுக்கு இது நாலு வரி. ஐகன் வேல்யூ வருவதோ அடுத்த செமஸ்டரில். அதனால் பையன்கள் 'டி' என்ற ஆபரேட்டரை எழுதி, மேலே ஒன்றால் பெருக்கி, கீழே ஒன்றால் பெருக்கி, கழித்து, பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் தாளின் பெயரிலேயே மேட்ரிக்ஸ் இருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டை இரண்டாம் செமஸ்டரில் எண்முறையில் தீர்க்கச் சொல்கிறார்கள், ரூங்கே-குட்டா வகையறா. அதே தாளின் இன்னொரு யூனிட்டில் ஐகன் வேல்யூவை எண்முறையில் கண்டுபிடிக்கும் பவர் மெத்தட். பக்கத்துப் பக்கத்து வீடு, பேச்சுவார்த்தை கிடையாது.

பி.எஸ்சி. மேத்ஸ் பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை புத்தகத்தில் வகைக்கெழுச் சமன்பாட்டை வெளுத்து வாங்கிவிட்டு, வெக்டர் ஸ்பேஸை வேறொரு வருஷம், வேறொரு வாத்தியாரிடம் படிப்பார்கள்.

வெளியே சில இடங்களில் இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்திருக்கிறார்கள். பெர்க்லியில் 'மேத் 54' என்று ஒரு பாடம், பெயரே லீனியர் அல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனும்தான். எம்.ஐ.டி.யின் கில்பர்ட் ஸ்ட்ராங்கை யூடியூபில் பார்க்காத எஞ்சினியரிங் வாத்தியார் நம் ஊரில் குறைவு. அவர் 2014இல் எழுதிய புத்தகத்துக்கும் இதே இரட்டைத் தலைப்புதான். ஆனால் ஸ்ட்ராங் சொன்னார் என்பதற்காக நம் பையன்கள் நம்பிவிட மாட்டார்கள். அவர்களுக்கு முடிச்சூர் சொன்னால்தான் உறைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன வாரம் நினைவிருக்கும். எங்கள் ஊரில் ராத்திரியில் முதலை ஒன்று ரோட்டைக் கடந்துபோன வீடியோ நாடு முழுக்கச் சுற்றியதே, அதே புயல். (முதலை எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்காதவர்கள் கிடையாது. இந்தப் பக்கத்து ஏரிகளில் முதலை எப்போதும் உண்டு. தண்ணீர் நிறைந்தால் அதுவும் நம்மைப் போல மேடு தேடும்.) கரன்ட் வந்த அன்றைக்கு, 2017 ரெகுலேஷன் சிவில் பையன் ஒருவன் ட்யூஷனுக்கு வந்தான். எம் ஒன் அரியர், எம் டூ அரியர், இரண்டுமே பாக்கி. முடிச்சூர் பக்கத்துக்காரன். பேன்ட்டை முழங்காலுக்கு மடித்து விட்டிருந்தான்.

"மழை நின்னு ரெண்டு நாளாச்சு மேம். எங்க தெருவுல மட்டும் ஏன் மேம் வடியல? நின்ன அப்புறம்தான் ஏறவே செஞ்சுது."

இதைவிட நல்ல கேள்வி எந்த யூனிவர்சிட்டி கொஸ்டின் பேப்பரிலும் நான் பார்த்ததில்லை. "உட்காருப்பா, நோட்டை எடு, கால்குலேட்டரை எடு" என்றேன். மழைக் கதை பேசினால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று பார்த்தவன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

இந்தப் பகுதியின் ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதுமே அப்படித்தான். மேலே உள்ள ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக்கால்வாயில் இறங்கி, கீழே உள்ள ஏரிக்கு வரத்தாகும். அதுவும் நிறைந்தால் அடுத்தது. கடைசியில் அடையாறு, அப்புறம் கடல். பெயரெல்லாம் வேண்டாம், மேல ஏரி, கீழ ஏரி என்று இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மழை நின்ற நிமிஷத்தில் மேல ஏரியில் கலங்கல் மட்டத்துக்கு மேலே 100 பங்கு தண்ணீர் நிற்கிறது. கீழ ஏரி கலங்கல் மட்டத்தோடு தளும்பிக்கொண்டிருக்கிறது, உபரி பூஜ்யம். ஒவ்வொரு ஏரியும் தன்னிடம் இருக்கும் உபரியில் பத்தில் ஒரு பங்கை ஒரு மணி நேரத்தில் கீழே விடும். அவ்வளவுதான் விதி.

"மணிக்கு மணி போடு" என்றேன்.

மேல ஏரி சுலபம்: 100, 90, 81, 72.9. கீழ ஏரிக்கு வருவது மேலே வழிந்தது, போவது தன்னில் பத்தில் ஒன்று. 0, 10, 18, 24.3, 29.2, 32.8, 35.4. பையன் மெதுவாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். 37.2, 38.3, 38.7. பத்தாவது மணியிலும் 38.7. பதினொன்றாவதில் 38.4.

"மேம், ஏறிட்டு இறங்குது."

எப்போது ஏறியது? மழை நின்ற பிறகு. ஒரு சொட்டு மழை இல்லாமல், ஒன்பது பத்து மணி நேரம் கழித்து உச்சிக்கு வருகிறது. அவன் தெருவில் நடந்தது அதுதான்.

இப்போது அவன் செய்த வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு எண்களை எடுத்து, அதே விதியில் கலந்து, அடுத்த இரண்டு எண்களைச் செய்தான். அந்த விதியை இரண்டுக்கு இரண்டு அணியாக எழுதினால் முதல் வரிசை 0.9, 0. இரண்டாவது வரிசை 0.1, 0.9. பத்து மணி நேரம் என்பது அந்த அணியைப் பத்து முறை பெருக்குவது. மேட்ரிக்ஸ் யூனிட்டில் கேய்லி-ஹாமில்டனை வைத்து 'ஏ பவர் ஃபோர் காண்க' என்று கேட்பார்களே, அது எதற்கு என்று ஒருத்தனும் கேட்பதில்லை. இதற்குத்தான்.

தண்ணீர் மணிக்கு ஒரு தடவை மணியடித்தா வழிகிறது? தொடர்ந்து வழிகிறது. ஒரு மணி நேரத்தை நிமிஷமாக்கி, நிமிஷத்தை நொடியாக்கி, அதையும் சுருக்கிக்கொண்டே போனால் அந்தப் பெருக்கல் வகைக்கெழுச் சமன்பாடாகிவிடுகிறது. மேல ஏரி மாறும் வேகம், மைனஸ் 0.1 தடவை மேல ஏரி. கீழ ஏரி மாறும் வேகம், 0.1 தடவை மேல ஏரி, கழித்தல் 0.1 தடவை கீழ ஏரி. இதுவும் ஒரு அணிதான்: முதல் வரிசை -0.1, 0. இரண்டாவது வரிசை 0.1, -0.1. மேல் வலது மூலையில் இருக்கும் அந்தப் பூஜ்யத்தைக் கவனித்து வையுங்கள். கீழ ஏரியில் என்ன நடந்தாலும் மேல ஏரிக்குக் கவலையில்லை என்று சொல்கிறது அது. முக்கோண அணி. முக்கோண அணிக்கு ஐகன் வேல்யூ காண ஒன்றும் செய்ய வேண்டாம், மூலைவிட்டத்தில் உட்கார்ந்திருப்பவைதான். இரண்டு மார்க் கேள்வி. இங்கே -0.1, -0.1.

அடுத்து, அவனுக்குத் தெரிந்த எம் ஒன் வழியிலேயே செய்யச் சொன்னேன். 'டி ப்ளஸ் 0.1' போட்டு மேல ஏரியை ஒழித்தான். கீழ ஏரிக்கு மட்டும் ஒரு இரண்டாம் வரிசைச் சமன்பாடு மிஞ்சியது. ஆக்ஸிலரி ஈக்குவேஷன், எம் ப்ளஸ் 0.1 ஹோல் ஸ்கொயர் சமம் பூஜ்யம். மூலங்கள் -0.1, -0.1. கை நின்றது.

"ஐகன் வேல்யூவும் இதேதானே மேம் வந்துது?"

இதேதான். பின்னே என்ன? ஒரு நோட்டில் லாம்டா, இன்னொரு நோட்டில் எம். ஒன்றில் 'எஸ் ஒன், எஸ் டூ' போட்டு கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன் எழுதுகிறான், இன்னொன்றில் ஆக்ஸிலரி ஈக்குவேஷன் எழுதுகிறான். இரண்டு இருபடிச் சமன்பாட்டையும் அதே கேஸியோவில் அதே மோடில் போட்டுத்தான் விடை எடுக்கிறான். விடை மட்டும் தனித்தனி ஊர்க்காரர்கள் போல நிற்கிறது. இது தற்செயல் ஒற்றுமை கிடையாது, அந்த இருபடியே ஒன்று.

அதோடு விடவில்லை. மூலங்கள் சமமாக இருந்தால் விடை 'ஏ ப்ளஸ் பி எக்ஸ், இன்டூ ஈ பவர் எம் எக்ஸ்'. இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்யாத பையனே கிடையாது. அந்த எக்ஸ் எங்கிருந்து குதித்தது என்று கேட்டால் "ஃபார்முலா மேம்" என்பார்கள். ஏரியில் அது பச்சையாகத் தெரிகிறது. கீழ ஏரியின் உபரி 100 தடவை 0.1 தடவை நேரம், பெருக்கல் ஈ பவர் மைனஸ் 0.1 தடவை நேரம். 'நேரம்' என்று பெருக்கி நிற்பதுதான் அந்த எக்ஸ். மேலிருந்து வந்து சேர்வதால் அது ஏற்றுகிறது, ஈ பவர் இறக்குகிறது. முதலில் ஏற்றம் ஜெயிக்கிறது, பத்தாவது மணியில் இரண்டும் சமமாகிறது, அப்புறம் இறக்கம். உச்சியில் 36.8 பங்கு. (கையால் மணிக்கு மணி போட்டபோது 38.7 வந்ததே என்றால், நொடிக்கணக்கில் போட்டால் 36.8தான்.) அந்த உச்சிக் கணத்தில் மேல ஏரியிலும் சரியாக 36.8 பங்கு இருக்கும். வரத்தும் போக்கும் சமமானால்தானே உச்சி.

மேட்ரிக்ஸ் பாஷையில் இதற்கு வேறு பெயர்: இந்த அணியை மூலைவிட்டமாக்க முடியாது. ஐகன் வேல்யூ இரண்டு தடவை வருகிறது, ஐகன் வெக்டர் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது. "டயகனலைஸ் பண்ண முடியாத மேட்ரிக்ஸ் எக்ஸாம்ல வராது, விடு" என்று நாமே தாண்டிப் போகும் இடம். அந்தத் தாண்டிப்போன இடத்தில்தான் வெள்ளம் தாமதமாக வரும் காரணம் ஒளிந்திருக்கிறது.

பையன் கிராஃபைப் பார்த்துவிட்டு, "மேம், இது ஹைட்ராலஜில வர்ற யூனிட் ஹைட்ரோகிராஃப் மாதிரியே இருக்கே" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே மாதிரி ஏரிகளை வரிசையாக அடுக்கி, ஆற்றுப் படுகையின் வெள்ள வரைவை எடுக்கலாம் என்று ஐரிஷ்காரரான நாஷ் 1957இல் எழுதினார். நாஷ் மாடல் என்று சிவில் புத்தகத்தில் வரும். மூன்று ஏரி என்றால் நேரத்தின் வர்க்கம் வரும், உச்சி இருபதாவது மணிக்குத் தள்ளிப்போகும், 27 பங்காகத் தணியும். ஏரி கூடக் கூட வெள்ளம் தாமதமாகவும் தட்டையாகவும் வரும். செங்கல்பட்டுப் பக்கம் இத்தனை ஏரிகளை வெட்டி வைத்தவர்கள் ஈ பவர் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். மழைத் தண்ணீரை ஒரே பாய்ச்சலில் கடலுக்கு விடக்கூடாது என்பது தெரிந்திருக்கிறது. நடுவில் ஒரு ஏரியைத் தூர்த்து மனை போட்டால், அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி குறையும். கீழே இருப்பவனுக்கு உச்சி சீக்கிரம் வரும், உயரமாகவும் வரும். மனை விற்கிறவர்கள் பிரவுச்சரில் இதைப் போடுவதில்லை.

ஒரு குறுக்குச்சால். 2017 ரெகுலேஷன்காரர்கள் வகைக்கெழுச் சமன்பாட்டை முதலிலும் மேட்ரிக்ஸைப் பிறகும் வைத்ததைக் கிண்டலடித்தேன். வரலாறு அவர்கள் பக்கம்தான். ஐகன் வேல்யூ என்ற சரக்கு மேட்ரிக்ஸுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் லக்ராஞ்சும் லப்லாஸும் கிரகங்களின் பாதை காலப்போக்கில் எப்படி மெல்ல மாறுகிறது என்று வகைக்கெழுச் சமன்பாடு எழுதிப் பார்த்தபோது இந்த மூலங்கள் வந்தன. கோஷி 1829இல் அதைப் பற்றி முக்கியமான கட்டுரை எழுதினார். மேட்ரிக்ஸ் என்ற பெயரை சில்வெஸ்டர் வைத்தது 1850இல், கேய்லி அதற்கு முறையான இலக்கணம் எழுதியது 1858இல். அதாவது, வானத்துக் கணக்குக்காகப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கவே அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஆனாலும் வரலாற்று வரிசையில்தான் நடத்த வேண்டும் என்றால், பையன்களுக்கு முதலில் பூச்சியத்துக்கும் ஆரியபட்டருக்கும் போய்விட்டு வர வேண்டும். என் கட்சி மாறவில்லை.

இந்த இடத்தில் சிவில் வாத்தியார்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் முறைத்திருப்பார்கள். சரி, ஒத்துக்கொள்ளலாம்: நிஜ ஏரி இத்தனை சாதுவாக நடக்காது. கலங்கல் மேல் வழியும் அளவு, கலங்கலுக்கு மேலே நிற்கும் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பப் போகும். உயரம் நாலு மடங்கானால் வழிவது எட்டு மடங்கு. மதகுக் கண் வழியே போவது வர்க்கமூலம், உயரம் நாலு மடங்கானால் இரண்டே மடங்கு. நான் வைத்த 'பத்தில் ஒரு பங்கு' நேரியல் கணக்கு இவை இரண்டுக்கும் நடுவில் போட்ட நேர்கோடு. நேரியல் என்று பெயர் வைத்திருப்பதன் லாபம், இரண்டு மழையின் விளைவைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். நிஜ ஏரியில் அப்படிக் கூட்ட முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் ஏறும், எவ்வளவு தாமதம், எது எதைப் பிடித்து இழுக்கிறது என்பதற்கெல்லாம் நேர்கோடு போதும்.

கரை கட்டி ஷட்டர் போட்ட ஏரியில் வெளியேறும் அளவை மனுஷன் தீர்மானிக்கிறான். 2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. சென்னையின் ஒரு வருஷ மழையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில். அந்தப் பக்கம் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்தார்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதே அளவில் ஒரு நாள் முழுக்கப் போனால் 250 கோடி கன அடி. ஏரியின் முழுக் கொள்ளளவே 364.5 கோடி கன அடிதான். இருப்பு மாறும் வேகம் என்பது வரத்து கழித்தல் போக்கு. உலகத்திலேயே எளிய வகைக்கெழுச் சமன்பாடு இது, ப்ளஸ் டூ புத்தகத்தில் உப்புக் கரைசல் தொட்டிக் கணக்காக வரும். வரத்து அந்த அளவுக்கு இருக்கும்போது போக்கை எப்போது, எவ்வளவு கூட்டுவது என்பதைப் பற்றி ஊர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை.

நம் பையனின் கேள்வியில் பாதிக்குத்தான் விடை வந்திருக்கிறது. ஏன் மழை நின்ற பிறகு ஏறியது என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாளாகியும் ஏன் வடியவில்லை? என் கணக்குப்படி 48 மணி நேரத்தில் மேல ஏரியில் ஒரு பங்குகூட மிஞ்சாது, கீழ ஏரியில் நாலு பங்கு. அதை அவனிடம் சொன்னபோது சிரித்தான். "வந்து பாருங்க மேம்."

அந்தப் பூஜ்யத்தைக் கவனித்து வைக்கச் சொன்னேன் அல்லவா, அதுதான் பொய். ஆற்றில் மட்டம் ஏறிவிட்டால் கால்வாய்த் தண்ணீர் உள்ளே இறங்காது. கீழே நிறைந்தால் மேலே எதிர்த்துத் தள்ளும். கிராமத்தில் "தண்ணி எதிர்க்குது" என்பார்கள், சிவில் பையன்கள் பேக்வாட்டர் என்பார்கள். கீழ ஏரி தன் உபரியில் இருபதில் ஒரு பங்கை மணிக்கு மணி மேலேயே திருப்பி விடுகிறது என்று வையுங்கள். அணியில் பூஜ்யம் இருந்த மூலையில் 0.05 ஏறும். கீழ் வரிசையில் -0.1 என்பது -0.15 ஆகும். இப்போது எஸ் ஒன், எஸ் டூ போட்டுப் பாருங்கள். மூலைவிட்டக் கூட்டுத்தொகை -0.25, அணிக்கோவை 0.01. மூலங்கள் -0.05, -0.2.

முன்னால் -0.1, -0.1 என்று ஜோடியாக இருந்தது இப்போது பிரிந்துவிட்டது. பெருக்கற்பலன் மாறவில்லை, 0.01தான். ஒன்று வேகமானது, இன்னொன்று மந்தமானது. மந்தமானதுதான் கடைசி வரை கூட வரும். -0.1 என்றால் 37 சதவீதமாகக் குறைய பத்து மணி நேரம், -0.05 என்றால் இருபது. அந்த மந்த மூலத்தின் ஐகன் வெக்டர் (1, 1). அதாவது இரண்டு ஏரியும் சரிசமமாகக் கைகோத்துக்கொண்டு, ஒன்றை விட்டு ஒன்று இறங்காமல், மெதுவாக வடியும். 48 மணி நேரம் கழித்து இரண்டிலும் ஆறு ஆறு பங்கு. கீழ ஏரிக்கு நாலு ஆறானது. மேல ஏரிக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தது ஆறானது. 'நாங்க மேட்டுல இருக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது' என்பவர்கள் வீட்டில்தான் தண்ணீர் பல மடங்கு கூடுதலாக நின்றிருக்கிறது.

பையன் இந்தத் தடவை தானாகவே அடுத்த கேள்விக்குப் போனான். சிவில் புத்தி. "ஒரு கால்வாயை அகலப்படுத்தக் காசு இருக்குன்னா எதைப் பண்றது மேம்? மேல ஏரி கால்வாயையா, கீழ ஏரி கால்வாயையா?"

இரண்டையும் போட்டோம். எதிர்ப்பது அதே 0.05. மேல ஏரியின் கால்வாயை இரு மடங்காக அகலப்படுத்தினால் அணி: -0.2, 0.05, அடுத்த வரிசை 0.2, -0.15. கூட்டுத்தொகை -0.35, அணிக்கோவை 0.02. கீழ ஏரியின் வெளிப்போக்கை இரு மடங்காக்கினால்: -0.1, 0.05, அடுத்த வரிசை 0.1, -0.25. கூட்டுத்தொகை -0.35, அணிக்கோவை 0.02.

அவன் கேஸியோவைத் தட்டிப் பார்த்தான். இரண்டுக்கும் மூலங்கள் -0.072, -0.278. அச்சு அசல் ஒன்று. "அப்போ எதைப் பண்ணாலும் ஒண்ணுதானே மேம்?"

ஐகன் வேல்யூவோடு நிறுத்திக்கொள்கிறவனுக்கு ஒன்றுதான். மார்க்கும் போட்டுவிடுவார்கள். "ஐகன் வெக்டரையும் போடு, கீழ ஏரிக்கு விடையை முழுசா எழுது" என்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு திட்டத்திலும் கீழ ஏரி ஆறரை மணி நேரத்தில் உச்சிக்கு வருகிறது. கடைசியில் வடியும் வேகமும் ஒன்றே. ஆனால் மேல் கால்வாயை அகலப்படுத்தினால் கீழ ஏரியின் உச்சி 45 பங்கு. கீழ் வெளிப்போக்கை அகலப்படுத்தினால் 22. சரிபாதி. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட 31தான்.

பையன் மூன்று எண்களையும் பெட்டி கட்டினான், பரீட்சை விடைக்குக் கட்டுவது போல.

"எங்க பக்கம் மேல் கால்வாயைத்தான் மேம் போன வருஷம் தோண்டுனாங்க."